குழந்தையும் கோணமும்



சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் தன் கணக்குத் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். ஒரு கோணத்தை வரைந்து காட்டி, அதனை அளந்து எழுதுமாறு அதில் கேட்டிருந்தார்கள். அவள் 120 பாகை என்று எழுதியிருந்தாள். சரியான விடை 60. விடையின் மேல் சிவப்பு மையினால் ஒரு பெருக்கற்குறி இருந்தது. அருகில் ஒரு பூஜ்யம் இருந்தது. வேறொரு சொல்லும் இல்லை.

"அப்பா, நான் சரியாகத்தானே வைத்து அளந்தேன்? ஏன் தப்பு என்கிறார்கள்?" என்று கேட்டாள்.

நான் கலைப் பட்டதாரி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிகிறேன். சொற்களை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். கணிதத்தோடு எனக்கிருந்த உறவு பள்ளி இறுதி வகுப்போடு முடிந்துவிட்டது. பிரிந்ததில் இரு தரப்பாருக்கும் வருத்தமில்லை. ஆயினும் பெற்ற பிள்ளை கேட்கும்போது, எனக்குத் தெரியாது என்று எழுந்து போய்விட முடியுமா? கோணமானியை எடுத்து வரச்சொன்னேன்.

அந்தச் சிறிய அரைவட்டத் தகட்டை நீங்களும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதன் விளிம்பில் எண்கள் இரண்டு வரிசையாக ஓடுகின்றன. ஒரு வரிசை வலப்புறம் 0-வில் தொடங்கி இடப்புறம் 180-இல் முடிகிறது. மற்றொன்று இடப்புறம் தொடங்கி வலப்புறம் முடிகிறது. கோணம் எந்தப் பக்கம் திறந்திருந்தாலும் அளக்க வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஆனால் அதன் பயனாக, 60 இருக்கும் இடத்திலேயே 120-ம் இருக்கிறது; 30 இருக்கும் இடத்தில் 150 இருக்கிறது. எந்த இடத்திலும் அவ்விரண்டு எண்களையும் கூட்டினால் 180 வரும். என் மகள் கருவியைப் பிழையின்றித்தான் வைத்திருந்தாள். படித்த வரிசைதான் தவறு.

இன்னொரு சங்கடமும் உண்டு. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கோணமானிகளுள் பலவற்றில், அடிக்கோடு வேறு, தகட்டின் அடி விளிம்பு வேறு. மையப்புள்ளி விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். குழந்தைகள் பெரும்பாலும் விளிம்பைக் கோட்டின்மேல் வைத்துவிடுகிறார்கள். அதனால் விடை சில பாகைகள் பிசகிவிடுகிறது. இதை ஒருமுறை விரலால் தொட்டுக் காட்டினால் போதும், அதன் பிறகு மறக்க மாட்டார்கள்.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்தத் தாளில் இருந்த கோணம் ஒரு புத்தகத்தின் மூலையைவிடக் குறுகியது என்பது கண்ணுக்கே தெரிகிறது. புத்தகத்தின் மூலை 90 என்பதும் அவளுக்குத் தெரியும். பிறகு 120 என்று எழுதும்போது அவள் மனத்தில் ஏன் ஓர் ஐயம்கூட எழவில்லை? இருநூறு கிராம் கத்தரிக்காய்க்குக் கடைக்காரர் இரண்டு கிலோ என்று சொன்னால் அவள் சிரித்துவிடுவாள். கோணத்தின்முன் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று?

ஒரு சோதனை செய்து பார்த்தேன். இரண்டு கோணங்களை ஒரே அளவாக வரைந்தேன். ஒன்றின் கரங்களைக் குட்டையாகவும், மற்றொன்றின் கரங்களை நீளமாகவும் இழுத்தேன். எது பெரிது என்று கேட்டேன். தயங்காமல் நீண்ட கரங்களைக் காட்டினாள். அவளுக்குக் கோணம் என்பது இரண்டு கோடுகள்; கோடு நீண்டால் கோணமும் வளர்ந்துவிடும். இது என் மகளுக்கு மட்டும் உரிய மயக்கமன்று. உலகெங்கும் கல்வி ஆய்வாளர்கள் குழந்தைகளிடம் கண்டு எழுதியிருக்கும் மயக்கம்தான்.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் மிட்செல்மோர், பால் ஒயிட் என்ற இருவர் இதனை நெடுநாள் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கண்டது இது: கத்தரிக்கோலைப் போலவும் சாலைச் சந்திப்பைப் போலவும் இரண்டு கரங்களும் கண்ணுக்குத் தெரிகின்ற இடத்தில், குழந்தை கோணத்தை எளிதில் கண்டுகொள்கிறது. திறக்கின்ற கதவிலும் சரிவான மேட்டிலும் ஒரு கரம்தான் தெரிகிறது. மற்றொன்றை மனத்தினால் வரைந்துகொள்ள வேண்டும். அங்கே பலர் தடுமாறுகின்றனர். சுழலும் சக்கரத்திலோ ஒரு கரமும் தெரிவதில்லை. அதில் கோணம் இருக்கிறது என்பதே பல குழந்தைகளுக்குத் தோன்றுவதில்லை. கத்தரிக்கோல், கதவு, சக்கரம் மூன்றிலும் இருப்பது ஒரே பொருள் என்று உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. நாமோ கோணமானியைக் கையில் கொடுத்து, ஒரே வாரத்தில் அளந்து காட்டு என்கிறோம்.

ஆகவே கருவியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். பள்ளியில் தினந்தோறும் அணிவகுப்பில் கேட்கும் கட்டளைகள்தாம். 'தாஹினே முட்' என்றேன்; வலப்புறம் திரும்பினாள். 'பீச்சே முட்' என்றேன், பின்புறம் திரும்பினாள். "எவ்வளவு திரும்பினாய்?" என்று கேட்டேன். விழித்தாள். முதல் கட்டளை 90 பாகை, இரண்டாவது 180 பாகை என்று சொன்னதும் அவள் முகத்தில் தோன்றிய வியப்பை என்னால் விவரிக்க இயலாது. பல ஆண்டுகளாகத் தன் குதிகாலால் வரைந்துகொண்டிருந்த கோணத்தை அன்றுதான் அவள் கண்டாள். நான்கு முறை வலப்புறம் திரும்பினால் புறப்பட்ட இடத்தையே பார்த்து நிற்கிறோம், அது 360. நிற்கும் குழந்தை குட்டையானாலும் நெட்டையானாலும் திரும்புதல் ஒன்றுதான். கரத்தின் நீளம் பற்றிய மயக்கம் அங்கேயே பாதி கரைந்துவிட்டது.

மற்றப் பாதியைச் சுவர்க் கடிகாரம் கரைத்தது. கடிகாரத்தின் வட்டத்தில் 12 எண்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 30 பாகை. மூன்று மணிக்கு இரண்டு முட்களுக்கும் இடையே 90. இரண்டு மணிக்கு 60. நான்கு மணிக்கு 120. தேர்வுத்தாளில் அவள் குழப்பிக்கொண்ட எண்கள் இரண்டும் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டன பாருங்கள்! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்தக் கோணத்தையும் அளக்குமுன், "இது எத்தனை மணி?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மணி போல் இருப்பதற்கு 120 என்று கருவி காட்டினால், நாம் படித்த வரிசை தவறு. முதலில் மதிப்பீடு, பிறகுதான் அளவு.

ஏன் 360 என்று ஒரு பெரிய எண்ணை வைத்தார்கள், 100 என்று வைக்கக்கூடாதா என்றும் கேட்டாள். அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியரிடமிருந்து வந்த வழக்கம் இது. பாதியாக, மூன்றில் ஒன்றாக, நான்கில், ஐந்தில், ஆறில், எட்டில் ஒன்றாக எப்படி வகுத்தாலும் 360 மீதியின்றி வகுபடுகிறது; 100 மூன்றுக்கே மசியாது. நம் முன்னோரும் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். பூமி ஒரு நாளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்றால், ஒரு நாழிகைக்கு 6 பாகை. என் பாட்டி நாழிகைக் கணக்குப் பார்த்துத்தான் பயணம் புறப்படுவாள். அவள் வானத்தைப் பாகை பாகையாக எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கே இப்போதுதான் விளங்கிற்று.

இனி, என் தொழிலுக்கு வருகிறேன். என் மகள் ஆங்கில வழியில் படிக்கிறாள். அக்யூட், அப்ட்யூஸ் என்ற இரண்டு சொற்களையும் அவள் நெட்டுருப் போட்டிருந்தாள். எது எதற்கு என்பது மட்டும் தேர்வுக்குத் தேர்வு இடம் மாறிக்கொண்டேயிருந்தது. ஆங்கிலக் குழந்தைக்குமே அச்சொற்கள் புரியாதவைதாம். லத்தீனிலிருந்து வந்தவை, முறையே கூர்மை, மழுங்கல் என்னும் பொருளுடையவை. மராத்தியில் செங்கோணத்தைக் காட்கோன் என்பர். மற்றவை லகுகோன், விஷால்கோன். இந்தியில் சமகோண், நியூன்கோண், அதிக்கோண். கோணமானிக்கு இந்தியில் சாந்தா என்ற அழகான பெயர் உண்டு. பாதிச் சந்திரனைப் போல் இருக்கிறதல்லவா? இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, தமிழில் குறுங்கோணம், விரிகோணம் என்றேன். சொல்லி முடிக்குமுன், அவள் இரண்டு கைகளையும் விரித்து, "இதுதானே விரிகோணம்?" என்றாள். பாயை விரிக்கிறோம், குடையை விரிக்கிறோம், பூ விரிகிறது. அந்தச் சொல்லுக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. செங்கோணத்துக்கு மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டியிருந்தது. நேராக நிமிர்ந்த கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். அந்தச் 'செம்'தான் செங்கோணத்திலும் இருக்கிறது. குழந்தை ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் யோசிப்பதற்கு ஒரு சொல் வேண்டும்போது, அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளுள் தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் ஒன்றில் படிக்கிறான். மாலை விளையாட்டில், ஆங்கில வழிப் பிள்ளைகள் நடுவே அவன் சற்று ஒதுங்கியே நிற்பான். சனிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் நான்கைந்து குழந்தைகள் கூடிக் கோணம் பார்க்கத் தொடங்கியபோது, அவனையும் அழைத்தேன். விரிகோணம், குறுங்கோணம் என்பவை அவனுக்கு முன்பே தெரிந்த சொற்கள். ஜன்னல் கம்பியில் ஒன்று, ஏணிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று, மின்விசிறியின் இறக்கைகளுக்கிடையே 120 பாகையில் மூன்று என்று அவன் காட்டிக்கொண்டே போனான். மற்றவர்கள் அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

பாடநூல் எழுதுவோர் இவற்றை அறியாதவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2008-இல் வெளியிட்ட ஐந்தாம் வகுப்புக் கணக்கு நூலில், தீக்குச்சிகளை அடுக்கியும், இரண்டு அட்டைத் துண்டுகளை ஊசியால் கோத்துத் திறந்து மூடியும், பெயரின் எழுத்துகளில் தேடியும் கோணம் காணுமாறு அமைத்திருந்தார்கள். நூல் நன்றாகத்தான் இருந்தது. நாற்பது, ஐம்பது குழந்தைகள் உள்ள வகுப்பில், மணி அடிப்பதற்குள் அட்டையும் ஊசியும் எத்தனை கைகளுக்குப் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி. சிவப்புப் பெருக்கற்குறி போட்ட ஆசிரியையிடம் எனக்குக் கோபமில்லை.

டிராம்பேயை அடுத்த மான்குர்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. 1974-இல் தொடங்கப்பெற்றது. குழந்தைகள் அறிவியலையும் கணிதத்தையும் எவ்வாறு கற்கிறார்கள் என்று ஆராய்வதே அதன் பணி. அங்குள்ள அரிந்தம் போஸ், கே. சுப்பிரமணியம் ஆகியோர் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மும்பையின் பெரிய ஏழைக் குடியிருப்பு ஒன்றில், வீட்டுத் தொழில்களில் கை கொடுக்கும் மாணவர்களை ஆராய்ந்தனர். ஜரிகை வேலை, பை தைத்தல் போன்ற தொழில்கள் அவை. அளப்பதைப் பற்றி அந்தக் குழந்தைகளுக்கு எத்தனையோ தெரிந்திருந்தது. ஆனால் அந்த அறிவு பள்ளிக் கணக்கோடு வந்து சேரவில்லை. தாராவியில் தோல் வெட்டும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டேன். மூலை பிசகினால் பை கோணிவிடும் என்று அறிந்த கை, பள்ளியில் கோணத்துக்குப் பூஜ்யம் வாங்குகிறது.

கருவியே இல்லாமல் கோணம் செய்ய ஒரு வழியுண்டு. காகிதத்தை மடித்தல்! சென்னை மாகாணத்தின் வருவாய்த் துறையில் பணி புரிந்த டி. சுந்தர ராவ் என்பவர், காகித மடிப்பினால் வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றை 1893-இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதனைக் குறிப்பிட்டார். அதைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர் இருவர், 1901-இல் சிகாகோவில் அதைப் பதிப்பித்தனர். அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவே இருந்த ஒருவர் இதைச் செய்தார் என்று படித்தபோது, எனக்குச் சற்றுப் பெருமையாகவும், சற்று வெட்கமாகவும் இருந்தது.

அவ்வழியில் நாங்கள் செய்தவை இரண்டு. ஓரம் கிழிந்த எந்தத் தாளையும் ஒருமுறை மடித்தால் நேர்க்கோடு கிடைக்கும். அந்த மடிப்பு தன்மேலேயே பொருந்துமாறு மீண்டும் மடித்தால், நான்கு சமக் கோணங்கள், ஒவ்வொன்றும் 90. இதுவே குழந்தையின் முதல் மூலைமட்டம். அடுத்தது 60. நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றை நெடுக்குவாட்டில் பாதியாக மடித்துத் திறந்துவிடுங்கள்; நடுவே ஒரு கோடு விழும். கீழ் ஓரத்தின் வலது மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, இடது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின்மேல் படியும்படி மடியுங்கள். வலது மூலையில் இருந்த செங்கோணம் மூன்று சம பங்காகிவிடும், ஒவ்வொன்றும் 30. மடிப்பைத் திறந்தால் இரண்டு பங்கு சேர்ந்து 60. ஏன் அப்படி வருகிறது? இடது மூலை, வலது மூலை, இடது மூலை போய்ப் படிந்த இடம் ஆகிய மூன்றையும் இணைத்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வருகிறது. இதைக் கண்டுபிடிக்க என் மகளுக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. நான் சொல்லித் தந்திருந்தால் இரண்டு நிமிடம்.

காகித மூலைமட்டம் கையில் வந்ததும் வீட்டின் மூலைகளுக்கு ஓய்வில்லாமல் போயிற்று. கதவு, மேசை, பெட்டி எல்லாம் பொருந்தின. சமையலறைச் சுவர் மூலையில் மட்டும், ஓரடி நீள மடிப்பின் முனையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. நாங்கள் இருப்பது டிராம்பேயில் வாடகை வீடு. சுவர் கோணலா, காகிதம் கோணலா என்று வழக்கு எழுந்தது.

தீர்ப்புக் கூற ஒரு பெரியவரை அழைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சீட்டா கேம்ப்பில் வசிக்கும் கொத்தனார். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணுசக்தி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனியை அகற்றி, அங்கிருந்த பல்லாயிரம் மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு மாற்றினார்கள். அவர்களுள் தமிழர் மிகப் பலர். இவர் அப்போது மீசை அரும்பிய பிள்ளை. சதுப்பு நிலத்தில் கிடைத்த துண்டு மனையில், தம் தகப்பனார் கயிற்றைப் பிடித்து மூலை போட்டதுதான் தாம் கற்ற முதல் பாடம் என்றார்.

"அண்ணாச்சி, இந்த மூலை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்" என்றேன். அவர் என் மகளிடம் அளவு நாடாவின் ஒரு முனையைக் கொடுத்து, "பிடி தாயி" என்றார். ஒரு சுவரில் மூலையிலிருந்து 3 அடியில் ஒரு புள்ளி. மறு சுவரில் 4 அடியில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வரவேண்டும். வந்தால் மூலை மட்டம். எங்கள் சமையலறையில் 5 அடியும் ஓர் அங்குலமும் வந்தது.

"கூடவா இருக்கு, குறையவா இருக்கு? அப்போ மூலை என்ன ஆயிருக்கு, சொல்லு" என்றார் பெரியவர்.

அவள் சற்று நேரம் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூட இருக்கிறது, தாத்தா. அப்படியென்றால் மூலை விரிந்திருக்கிறது. விரிகோணம்" என்றாள்.

அலுவலக நண்பரின் உதவியோடு பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 92 பாகை. பித்தாகரஸ் பெயரால் உயர்நிலைப் பள்ளியில் வரப்போகும் பாடத்தைத்தான் அவள் அன்று நாடாவின் முனையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. பெரியவருக்கும் அது தேவைப்படவில்லை. வீட்டு உரிமையாளரிடம் இந்த 2 பாகையைப் பற்றிச் சொல்லலாமா என்று என் மனைவி கேட்டாள். வாடகையைக் கூட்டிவிடப் போகிறார் என்று நான் தடுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு புதிர் உலவுகிறது. மூன்று மணிக்கு முட்களுக்கிடையே 90 என்று கண்டோம். மூன்றரை மணிக்கு எவ்வளவு? பெரிய முள் 6-இல் நிற்கிறது, சிறிய முள் 3-இல் நிற்கிறது, ஆகவே மறுபடியும் 90 என்று எல்லாரும் கூவினார்கள். தமிழ்ப் பள்ளிப் பையன் மட்டும் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரச் சொன்னான். முள்ளைத் தன் விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, சின்ன முள் சும்மா நிற்கவில்லையே, அதுவும் நான்கை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டதே" என்றான். பாதி வழி என்றால் 15 பாகை, மீதி 75. அடுத்த வாரத்துக்கு அவனே ஒரு புதிர் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்: ஒரு நாளில் எத்தனை முறை இரண்டு முட்களும் செங்கோணத்தில் நிற்கும்? நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.